வாடகை பாக்கிக்குப் பின்னால் இருந்த கரண்ட் கணக்கு: கிருஷ்ணகிரியில் ஒரு வீட்டுத் தகராறு

பின்னணி

கிருஷ்ணகிரி நகரத்துக்குள் ஒரு மாடி வீடு. மாடியில் வீட்டுக்காரம்மா தனியாக இருக்கிறார். அறுபதைக் கடந்தவர், கணவர் இல்லை, மகன் பெங்களூருவில் வேலை. கீழே இரண்டு போர்ஷன். ஒன்றில் புதிதாகக் கல்யாணமான ஒரு தம்பதி. இன்னொன்றில், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம். இந்த ஆய்வு முக்கியமாக அந்தக் குடும்பத்தைப் பற்றியது.

குடும்பத் தலைவர் மாங்கூழ் ஆலையில் சூப்பர்வைசர். கிருஷ்ணகிரிப் பக்கம் இந்த வேலையின் போக்கு எல்லோருக்கும் தெரியும். பெங்களூரா ரக மாங்காய் வரத்து இருக்கும்வரை இரவு பகலாக வேலை, கையில் காசு. ஆடி முடிந்து ஆலை ஓய்ந்தால் வருமானம் பாதிக்கும் கீழே போய்விடும். மற்ற மாதங்களில் அவர் ராயக்கோட்டை தக்காளி மண்டியில் கணக்கு எழுதவும் லோடு ஏற்றவும் போவார். மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறார்.

2021-ல் குடி வந்தார்கள். மாத வாடகை ரூ.6,500, அட்வான்ஸ் ரூ.30,000. 20 ரூபாய் பாண்டு பேப்பரில், கடையில் அச்சடித்து வைத்திருக்கும் மாதிரியை நிரப்பிப் பதினொரு மாத அக்ரிமெண்ட் ஒன்று போட்டார்கள். அது முடிந்த பிறகு யாரும் புதுப்பிக்கவில்லை. வாடகை ரொக்கமாகத்தான் கொடுத்து வந்தார்கள், ரசீது கிடையாது. வீட்டுக்காரம்மா சுவர்க் காலண்டரில் அந்தத் தேதிக்கு நேராக ‘வந்தது’ என்று எழுதி வைப்பார். மூன்று வருடமாக ஒரு சச்சரவும் இல்லாததால் இதுவே போதும் என்று இரு தரப்பும் இருந்துவிட்டார்கள்.

நான் பத்திரம், வாடகை ஒப்பந்தம் எழுதும் தொழிலில் இருக்கிறேன். வீட்டுக்காரம்மாவின் தம்பி எனக்கு நீண்ட காலப் பழக்கம். 2024 டிசம்பர் முதல் வாரத்தில் அவர்தான் இந்த விஷயத்தை என்னிடம் கொண்டு வந்தார். அவர் கேட்டு வந்தது ஒன்றே ஒன்று: காலி செய்யச் சொல்லி ஒரு நோட்டீஸ்.

நடந்தது

செப்டம்பரிலிருந்து வாடகை நின்றது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூன்று மாதமும் வரவில்லை. ஜூன் மாதமும் வரவில்லை என்று வீட்டுக்காரம்மா சொன்னார். காலண்டரில் ஜூனுக்கு எதுவும் எழுதவில்லை. அவர் கணக்குப்படி நான்கு மாத பாக்கி, ரூ.26,000. கடைசி இரண்டு மாதக் கரண்ட் காசும் வரவில்லை.

கேட்டபோதெல்லாம் அந்தக் குடும்பத்துப் பெண், “இந்த வாரம் தந்துடறோம்மா” என்றே சொல்லியிருக்கிறார். நவம்பர் கடைசியில் கணவர், “முதல்ல கரண்ட் கணக்கைக் காட்டுங்கம்மா, அப்புறம் வாடகையைப் பேசலாம்” என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரம்மாவுக்கு அது திமிராகப் பட்டிருக்கிறது. வாடகை பாக்கி வைத்திருப்பவர் தன்னிடமே கணக்குக் கேட்கிறாரே என்ற ஆற்றாமை. அன்று இரவே மகனுக்குப் போன் போட்டிருக்கிறார். “தண்ணியை நிறுத்தும்மா, ரெண்டு நாள்ல காசு தானா வரும்” என்று மகன் சொல்ல, மறுநாள் காலை மாடித் தொட்டியிலிருந்து கீழே போகும் குழாயின் கேட் வால்வை மூடிவிட்டார்கள்.

அந்த வால்வு இரண்டு போர்ஷனுக்கும் பொது. வாடகை தராத குடும்பத்தோடு, ஒரு நாள்கூட வாடகை தவறாத தம்பதிக்கும் தண்ணீர் நின்றது. அந்தத் தம்பதியில் மனைவி அப்போது மாசமாக இருந்தார். முன்வாசலில் நகராட்சிக் குழாய் ஒன்று உண்டு. முறை வைத்து வரும் ஒகேனக்கல் தண்ணீரைக் குடிப்பதற்கென்று பிடித்து வைத்திருந்தார்கள். போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள மாவட்டம் இது, குடிக்க யாரும் அதை நம்புவதில்லை. அந்தக் குடிதண்ணீரைத்தான் இரண்டு வீட்டாரும் குடம் குடமாகக் கழிப்பறைக்குத் தூக்கினார்கள். ஒன்றரை நாள் இப்படியே போனது. போலீசுக்குப் போகிறோம் என்று குடும்பத் தலைவர் சொன்ன பிறகுதான் தம்பி என்னிடம் வந்தார்.

முதலில் எடுத்த முடிவு: தண்ணீர்

நோட்டீஸ் எழுத உட்காருவதற்கு முன்பே வால்வைத் திறக்கச் சொன்னேன். அன்று மாலையே திறந்தார்கள். நிபந்தனை எதுவும் வைக்கவில்லை. ‘திறந்துவிட்டோம், இப்போது காசு கொடு’ என்று பேரம் பேசவும் கூடாது என்று கேட்டுக்கொண்டேன்.

காரணம் இரண்டு. முதலாவது சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம், தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியத் தேவைகளை வீட்டு உரிமையாளர் நிறுத்தி வைப்பதைத் தடுக்கிறது. குடியிருப்பவர் இந்தச் சட்டத்தின் கீழ் உள்ள வாடகை அதிகாரியிடம் போனால், விசாரணை முடிவதற்கு முன்பே திரும்பக் கொடுக்கச் சொல்லி அவர் இடைக்கால உத்தரவு போடலாம். வாடகை பாக்கி இருப்பது இதற்கு ஒரு பதிலாகாது. வாடகை பாக்கி என்ற நியாயமான புகாரைக் கையில் வைத்திருந்த வீட்டுக்காரம்மா, வால்வை மூடியதால் தானே பதில் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டார்.

இரண்டாவது காரணம் சட்டத்தில் இல்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தண்ணீரை நிறுத்தி வாங்கும் காசு யாருக்கும் வேண்டாம். இதை அவரிடம் நேரடியாகவே சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை.

மீட்டர் அருகில் கண்டது

‘கரண்ட் கணக்கைக் காட்டுங்க’ என்று ஒருவர் வாடகையை நிறுத்தினால் அதை வெறும் சாக்கு என்று தள்ளிவிடுவது எளிது. பல வீடுகளில் அது சாக்குதான். இங்கே அப்படி இல்லை என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம், மூன்று வருடம் ஒழுங்காக வாடகை கொடுத்த குடும்பம் என்பது. எனவே மறுநாள் காலை மீட்டர் இருக்கும் இடத்தையே முதலில் பார்த்தோம்.

வீட்டுக்கு இரண்டு மின் இணைப்பு. மாடிக்கு ஒன்று, கீழே இரண்டு போர்ஷனுக்கும் சேர்த்து ஒன்று. கீழ் இணைப்பிலிருந்து ஒவ்வொரு போர்ஷனுக்கும் ஒரு சப் மீட்டர் வைத்திருந்தார்கள். சப் மீட்டரில் ஓடும் யூனிட்டுக்கு ரூ.8 வீதம் வீட்டுக்காரம்மா வாங்கி வந்தார். அக்கம்பக்கத்தில் அதுதான் ரேட் என்று யாரோ சொன்னதாம்.

இரண்டு போர்ஷனின் மெயின் சுவிட்சையும் அணைக்கச் சொன்னேன். கீழ் மீட்டரில் சிவப்பு விளக்கு நின்றது. மாடிப்படிக்குப் பக்கத்தில் உள்ள மோட்டார் சுவிட்சை வீட்டுக்காரம்மா போட்டார். கீழ் மீட்டரின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தது, ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை. மூன்று வீட்டுக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கீழ் இணைப்பில் ஓடிக்கொண்டிருந்தது. வீடு கட்டிய காலத்தில் வயர்மேன் எது பக்கமோ அதில் கொடுத்துவிட்டார். வீட்டுக்காரம்மாவுக்கு அது தெரியாது என்பதை அவர் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். குடும்பத் தலைவருக்கு ஒரு வருடமாகவே சந்தேகம் இருந்திருக்கிறது. கேட்டால் சண்டை ஆகும் என்று அடக்கி வைத்திருந்தார். சீசன் ஓய்ந்து காசு நெருக்கியபோது அடக்கியது வெளியே வந்தது.

ஒரு எச்.பி. மோட்டார். போரில் தண்ணீர் குறைவு என்பதால் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஓடும். இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 90 யூனிட்.

கணக்கு

மின்வாரியத்தின் இணையதளத்தில் இணைப்பு எண்ணைப் போட்டுப் பழைய பில்களை எடுத்தோம். சப் மீட்டர் அளவு எழுதிய நோட்டும் இருந்தது. ஆனால் அதில் ஒரு வருடத்துக்கு முந்தைய பக்கங்கள் ஒழுங்காக இல்லை. அதனால் ஒரு வருடக் கணக்கை மட்டும் பார்ப்பது என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டார்கள். அதற்கு முந்தையதைத் தோண்டினால் நினைவுக்கும் நினைவுக்கும் சண்டையாக முடிந்திருக்கும்.

ஒரு சாதாரண பில்: கீழ் இணைப்பில் 480 யூனிட், மின்வாரியத்துக்குக் கட்டியது சுமார் ரூ.1,700. இரண்டு போர்ஷனின் சப் மீட்டரும் சேர்ந்து 390 யூனிட் காட்ட, வாங்கியது ரூ.3,120. மீதி 90 யூனிட் மோட்டார்.

இந்த இடைவெளி எப்படி வந்தது என்பதை வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 2024-ல் தமிழ்நாட்டில் இருந்த கட்டண முறைப்படி வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த அடுக்குகள் படிப்படியாக ஏறும். எல்லா யூனிட்டுக்கும் ரூ.8 என்று ஒரே விலை வைத்தால், இலவச யூனிட்டுக்கும் குறைந்த விலை யூனிட்டுக்கும் சேர்த்து வாங்கியதாகிவிடும். இன்னொரு பக்கம், இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் 101-லிருந்து 200 வரையுள்ள மலிவு விலையும் போய்விடும். அந்த வருடக் கோடைப் பில் ஒன்றில் 540 யூனிட் ஓடியிருந்தது. 60 யூனிட் கூடியதற்கு ஏறத்தாழ ரூ.700 கூடுதலாக வந்தது. அந்த ஒரு பில்லைப் பார்த்துத்தான் ‘கரண்ட் எக்கச்சக்கமா வருது, எட்டு ரூபாய் வாங்கினாலும் கட்டுப்படியாகலை’ என்று வீட்டுக்காரம்மா நம்பியிருக்கிறார். இரண்டு குடித்தனத்தை ஒரே இணைப்பில் வைத்திருந்ததால் ஒரு 100 யூனிட் இலவசமும் பில்லுக்குப் பில் வீணாகிக்கொண்டிருந்தது.

பில் தொகையை யூனிட் விகிதத்தில் பிரித்து, மோட்டார் செலவை மூன்று வீட்டுக்கும் சமமாகப் போட்டோம். அந்தக் குடும்பம் கட்டியிருந்த ஆறு பில்களில் கூடுதலாகப் போனது ரூ.4,500. கட்டாத ஒரு பில்லில் அவர்கள் பங்கு ரூ.800. நிகரமாக ரூ.3,700 அவர்களுக்கு வர வேண்டியது.

ஜூன் மாத வாடகை விஷயம் சீக்கிரம் முடிந்தது. அந்த மாதம் குடும்பத் தலைவர் ஆலையிலிருந்தபடி வீட்டுக்காரம்மாவின் மகன் நம்பருக்கு ஜிபே போட்டிருந்தார். போனில் அது இருந்தது. மகன் தன் கணக்கைப் பார்த்துவிட்டு, “ஆமா, வந்திருக்கு, சொல்ல மறந்துட்டேன்” என்றார். எனவே வாடகை பாக்கி மூன்று மாதம், ரூ.19,500.

என்ன செய்யலாம் என்று பேசியது

தம்பியின் நிலை, காலி செய்ய வைப்பதுதான். அது தவறான கோரிக்கை என்று நான் சொல்லவில்லை. இரண்டு மாதம் அல்லது அதற்கு மேல் வாடகை பாக்கி என்பது, வீட்டைத் திரும்பப் பெற அந்தச் சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்று. ஆனால் நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கியை வட்டியோடு கட்டிவிட்டால் அந்தக் காரணத்தால் வெளியேற்ற முடியாது. இங்கே அக்ரிமெண்ட் காலாவதியாகி வருடங்கள் ஆகிவிட்டன. வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் இல்லை. தண்ணீரை நிறுத்திய சம்பவம் வேறு இருக்கிறது. வாடகை நீதிமன்றத்துக்குப் போனால் இவை எல்லாவற்றுக்கும் வீட்டுக்காரம்மா பதில் சொல்ல வேண்டும். அதற்குள் இன்னும் எத்தனை மாத வாடகை நிற்கும் என்பதும் கேள்வி. குடும்பத்துக்கு வீட்டை விட்டுப் போகும் எண்ணமில்லை, பிள்ளைகளின் பள்ளி பக்கத்தில் இருக்கிறது. பாக்கியைக் கட்ட மனமுள்ளவரோடு வழக்குக்குப் போவதை விட, எழுதி வாங்கிக்கொண்டு ஒரு வாய்ப்பு கொடுப்பது மேல் என்று பட்டது.

அடுத்தது அட்வான்ஸ். ‘பாக்கியை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று குடும்பத் தலைவர் கேட்டார். பொதுவாக இதற்கு நான் சம்மதம் சொல்வதில்லை. அட்வான்ஸ் என்பது காலி செய்யும்போது இருக்க வேண்டிய பணம். நடுவில் கரைந்துவிட்டால் கடைசியில் சேதத்துக்கோ நிலுவைக்கோ எதுவும் மிஞ்சாது. ஆனால் இங்கே வாங்கியிருந்தது ரூ.30,000. வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவதைச் சட்டம் ஏற்பதில்லை. மூன்று மாதம் என்றால் ரூ.19,500. மேலே இருக்கும் ரூ.10,500-ஐ மட்டும் கழிக்கலாம் என்று சொன்னேன்.

வீட்டுக்காரம்மா தயங்கினார். “அட்வான்ஸ் குறைஞ்சா பிடி போயிடும் சார்” என்றார். உண்மையில் அந்தப் பணம் வந்த வருடமே காம்பவுண்டு சுவருக்குப் போய்விட்டது. அவர்கள் காலி செய்யும் நாளில் முப்பதாயிரத்தையும் ஒரே நேரத்தில் புரட்ட வேண்டிய சுமை அவருக்குத்தான். இப்போது கழித்தால் கையிலிருந்து எதுவும் போவதில்லை, பின்னால் திருப்ப வேண்டியதும் குறைகிறது. இதை எழுதிக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார்.

ரூ.19,500-ல் கரண்ட் வகையில் ரூ.3,700, அட்வான்ஸ் வகையில் ரூ.10,500 போக, மீதி ரூ.5,300. ஜனவரி, பிப்ரவரியில் தலா ரூ.2,000, மார்ச்சில் ரூ.1,300, மாத வாடகையோடு சேர்த்து. மூன்று கணக்கையும் தனித்தனித் தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே தொகையாகச் சொல்லியிருந்தால் ஆறு மாதம் கழித்து ‘கரண்ட் காசைக் கழிச்சீங்களா இல்லையா’ என்று மறுபடி கிளம்பியிருக்கும்.

புதிய ஒப்பந்தம்

ஜனவரி முதல் புதிய ஒப்பந்தம் எழுதி, அரசின் வாடகைப் பதிவு இணையதளம் வழியாக வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தோம். பத்திரப் பதிவைத் தவிர்க்கப் பதினொரு மாதம் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது இப்போதைய சட்டம். தம்பிக்கே அது அன்றுதான் தெரிந்தது.

எழுதியவற்றில் எனக்கு முக்கியமாகத் தோன்றியது வாடகை கட்டும் முறை. மாங்கூழ் ஆலை ஓடும் மாதங்களில் வாடகையோடு கூடுதலாகக் கட்டி, சீசன் முடிவதற்குள் அடுத்த இரண்டு மாத வாடகை முன்கூட்டியே சேர்ந்திருக்க வேண்டும். அது செப்டம்பர், அக்டோபர் வாடகையாக வரவு வைக்கப்படும். வருமானம் இப்படி ஏறி இறங்கும் மாவட்டத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஐந்தாம் தேதி வாடகை என்று எழுதுவதில் பொருளில்லை. இந்த யோசனையைச் சொன்னது குடும்பத்துப் பெண்தான்: “காசு இருக்கும்போது வாங்கிக்கோங்கம்மா, இல்லாதப்ப கேட்டா நாங்க எங்க போறது?”

கரண்டுக்கு, பில் நகலைக் காட்டி யூனிட் விகிதத்தில் பங்கு. மோட்டாரை மாடி இணைப்புக்கு மாற்றி, அதற்கு ஒரு சப் மீட்டர் வைத்து, செலவை மூன்றாகப் பிரிப்பது. வாடகைக்கு ரசீது, அல்லது வீட்டுக்காரம்மா நம்பருக்கே ஜிபே. பழுது வேலைகளில் சட்டத்தின் அட்டவணை சொல்வதையே எழுதினோம்: கட்டட வேலை, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு, குழாய் வாஷர், சுவிட்சு, சாக்கடை அடைப்பு குடியிருப்பவர் பொறுப்பு. வீட்டுக்குள் வருவதற்கு முன் ஒரு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்ற வரியை வீட்டுக்காரம்மா முதலில் விரும்பவில்லை. சட்டத்திலேயே இருக்கிறது என்றதும் விட்டுவிட்டார்.

பின்னர் நடந்தது

ஜனவரித் தவணை வந்தது. பிப்ரவரியில் பத்து நாள் தாமதம், ஆனால் முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டார். மார்ச்சோடு பாக்கி முடிந்தது. 2025 சீசனில் கூடுதலாக இரண்டு மாத வாடகை கட்டினார்கள். முந்தைய வருடம் வாடகை நின்ற அதே செப்டம்பரில் இந்த முறை கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

அந்தத் தம்பதி விஷயம் இவ்வளவு நல்லபடியாக முடியவில்லை. கணக்கு திருத்தப்பட்டது தெரிந்ததும் தங்களுக்கும் பார்க்கச் சொன்னார்கள். அது நியாயம். ரூ.4,800 கூடுதலாகப் போயிருந்தது. வீட்டுக்காரம்மா அடுத்த மாத வாடகையில் கழித்தார். ஆனாலும் ஜனவரி கடைசியில் அவர்கள் காலி செய்துவிட்டார்கள். மாசமாக இருக்கும் மனைவியைக் குடம் தூக்க விட்ட வீட்டில் இருக்க மனமில்லை என்று கணவர் சொன்னார். அட்வான்ஸ் ஒரு மாதத்துக்குள் முழுதாகத் திரும்பியது. போர்ஷன் இரண்டு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது. வால்வை மூடியதால் வீட்டுக்காரம்மாவுக்கு ஏற்பட்ட உண்மையான நட்டம் இதுதான்: இரண்டு மாத வாடகையும், தேடினாலும் எளிதில் கிடைக்காத ஒரு நல்ல குடித்தனமும்.

இனி மாற்ற வேண்டியவை

அந்த வீட்டில் அடுத்து நடக்க வேண்டியது தனி மின் இணைப்பு. தனி வழி, தனிச் சமையலறை என்று உண்மையில் பிரிந்து நிற்கும் போர்ஷனுக்குத் தனி இணைப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். குடியிருப்பவர் தன் பில்லைத் தானே கட்டுவார், இலவச யூனிட்டும் தனியாகக் கிடைக்கும். காலியான போர்ஷனுக்கு அதற்கான வயரிங் வேலையைப் புதிய குடித்தனம் வருவதற்கு முன்பே முடித்துவிட்டார்கள்.

மேலிருந்து இரண்டு போர்ஷனுக்கும் ஒரே வால்வு என்ற அமைப்பையும் மாற்றச் சொன்னேன். பழுது பார்க்க ஒன்றை மூடினால் மற்றது நிற்கக் கூடாது.

முதல் மாத வாடகை தவறியபோதே உட்கார்ந்து ‘என்ன பிரச்சினை’ என்று கேட்டிருந்தால் மோட்டார் விஷயம் செப்டம்பரிலேயே தெரிந்திருக்கும். இப்போது வாடகை பத்து நாள் தள்ளினால் வீட்டுக்காரம்மா முதலில் கேட்பது காரணத்தை. அதற்குப் பிறகும் வரவில்லை என்றால், பாக்கித் தொகையும் தேதியும் போட்டு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைக்கும்படி சொல்லியிருக்கிறேன். வாடகை அதிகாரியிடம் போக வேண்டிய நிலை என்றாவது வந்தால் அந்தக் காகிதம் உதவும். கடித மாதிரி ஒன்றை எழுதி அவருடைய வரவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தேன். சுவர்க் காலண்டரில் எழுதும் வழக்கத்தை அவர் விட்டுவிட்டார்.